ஒற்றைப் பனை வரை

பெருமடத்தூர் என்று ஒரு ஊர். பெயரில் மடம் இருக்கிறதே தவிர, ஊரில் மடம் என்று ஒரு கட்டடம் கிடையாது. எங்கே போயிற்று என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், பெருமடத்தூர்க்காரர்கள் கொஞ்சமும் கூச்சப்படாமல் தங்கள் தலையைத் தொட்டுக் காட்டுவார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கும் அதே ஊர்தான். ஆகவே நடுவில் எங்காவது கதை கால் இடறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊரில் ஐயம்பெருமாள் என்று ஒருவன் இருந்தான். வயது முப்பத்துநாலு. தாய் தகப்பன் இல்லை. நல்ல உழைப்பாளி, நல்ல மனசு. அவனுடைய ஒரே கஷ்டம், தன் மூளையைப் பற்றி அவனுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. "என் பேரிலேயே பாதி ஐயம். மீதி பெருமாள் பாத்துக்கிடுவார்னு விட்டுட்டாங்க" என்று தானே சொல்லிச் சிரிப்பான். எந்த விஷயமானாலும் அவனுக்கு முதலில் ஒன்று தோன்றும். உடனே, "இது எனக்கே தோணுதுன்னா நிச்சயம் தப்பாத்தான் இருக்கும்" என்று அதை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் சொல்வதைக் கேட்பான். இந்தப் பணிவினால் அவன் வாழ்க்கையில் அடைந்த நஷ்டங்கள் ஏராளம்.

அவனுக்கு இரண்டு முறை பெண் பார்த்து, இரண்டு முறையும் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே தட்டிப்போயிற்று. மூன்றாவதாக, தாழையனூர் நயினார் வாத்தியாரின் மகள் ஆவுடைத்தங்கத்தைப் பார்க்கப் போனான். காப்பியை ஆற்றிக் குடிக்கும்போது வாத்தியார், "உங்க ஊரைப் பத்தி என்னென்னமோ சொல்லுதாங்களே, உண்மையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லுவாங்க" என்றான் ஐயம்பெருமாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. பெண்ணின் முகத்தை அவன் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னபோது தன் கால் கட்டைவிரலைப் பார்த்துவிட்டான். ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் காதில் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளினான்.

பிறகு வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் முப்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவர். ஒரு சொல் அதிகம் எழுதமாட்டார், ஒரு சொல் குறைத்தும் எழுதமாட்டார். கடிதம் இதுதான்:

"மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். வியாழக்கிழமை முகூர்த்தம். அறுப்புக் காலம் ஆகையால் ஐந்து பேருக்கு மேல் வர வேண்டாம். கூறைச் சேலையைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தலைமேல் வைத்துக் கொண்டுவரவும். ஒற்றைப் பனை வரை வரவும். அங்கிருந்து வாய்க்காலை ஒட்டி நடக்கவும். ஊருக்குள் வந்ததும் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். உச்சிக்கு முன் வந்துவிட வேண்டும். தவறினால் பெண்ணின் அத்தை மகன் தயாராக இருக்கிறான்."

ஐயம்பெருமாள் கடைசி வரியை மூன்று முறை படித்தான். அது ஒன்றுதான் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் விளங்கியது. உடனே கூட வளர்ந்த சேக்காளிகளைக் கூட்டினான்.

சேக்காளிகள் நாலு பேர். மாசானம் ஐந்தாம் வகுப்பை மூன்று முறை படித்தவன், ஆகையால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று பெயர். குற்றாலம் எதையும் ஆழமாக யோசிப்பவன்; யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான், சில சமயம் குறட்டையும் கேட்கும். சொரிமுத்துவுக்கு எதைக் கேட்டாலும் கவலை வரும். பிச்சாண்டி பேசமாட்டான், சுமப்பான்.

மாசானம் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இதிலே பெரிய சொல்லெல்லாம் ஆபத்து இல்லை" என்றான். "பெட்டி, பனை, வாய்க்கால், எல்லாம் கண்ணால பார்த்தது. ஆபத்து எல்லாம் சின்னச் சொல்லுலதான் இருக்கு. மேல், உள், முன், வரை. இதுக எல்லாம் தரகன் மாதிரி. சொந்தமா வீடு கிடையாது, வயல் கிடையாது. பக்கத்துச் சொல்லைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு, ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு பேசும். தரகன் சொல்லுததைக் கவனமா கேக்கணும். இல்லைன்னா வேற வீட்டுப் பொண்ணைக் கட்டி வச்சிருவான்."

ஐயம்பெருமாள் நெருங்கி உட்கார்ந்தான். "அப்ப ஒவ்வொண்ணா பாப்போம்" என்றான்.

"ஐந்து பேருக்கு மேல் வர வேண்டாம்" என்று மாசானம் கடிதத்தை மறுபடி விரித்து வாசித்தான்.

ஆறாவது ஆள் வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று ஐயம்பெருமாளுக்குத் தோன்றியது. தனக்குத் தோன்றியதால் விட்டுவிட்டான்.

"நாம அஞ்சு பேர். கணக்கு சரியா இருக்கு" என்றான் குற்றாலம், கண்ணை மூடியபடியே. "ஆனா நமக்கு மேல எதுவும் வரக் கூடாதுங்காரு."

"குடை?" என்று கேட்டான் சொரிமுத்து.

"குடை வரக் கூடாது."

"பெட்டியைத் தலைமேல வைக்கச் சொல்லுதாரே?"

இதற்கு வெகு நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் மாசானம்தான் அவிழ்த்தான். "பெட்டி பிச்சாண்டி தலைமேல இருக்கும். அது ஒரு பேருக்கு மேல. அஞ்சு பேருக்கு மேல ஆகாது. வாத்தியார் யோசிச்சுத்தான் எழுதியிருக்காரு."

ஐந்து பேரும் வாத்தியாரின் நுணுக்கத்தை எண்ணித் தலையை ஆட்டினார்கள்.

வியாழக்கிழமை கிழக்கு வெளுத்ததும் கிளம்பினார்கள். பிச்சாண்டி தலையில் தகரப்பெட்டி. பெட்டிக்குள் அரக்குச் சிவப்பில் கூறைச் சேலை. ஐயம்பெருமாள் புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். அரை மைல் போவதற்குள் ஒரு காக்கை அவர்கள் தலைக்கு மேலாகப் பறந்து வந்தது.

"நில்லுங்க" என்றான் சொரிமுத்து. "அஞ்சு பேருக்கு மேல வருது."

எல்லோரும் நின்றார்கள். காக்கையை விரட்டிப் பார்த்தார்கள். அது இவர்களை வேடிக்கை பார்க்கவென்றே இன்னொரு சுற்றுச் சுற்றியது. பிறகு மாசானம் வழி சொன்னான். பறவை மேலே வரும்போது ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறி ஓடிவிட வேண்டும். அப்போது அது யாராவது ஒருவனுக்கு மேல்தான் வர முடியும். அன்றைக்குப் பார்த்து அறுப்பு வயல்களில் கதிர் பொறுக்க ஊர்ப்பட்ட குருவிகள் வந்திருந்தன. கல்யாணக் கோஷ்டி மூன்று மைல் தூரத்தைச் சிதறிச் சிதறிக் கடந்தது. வயலில் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "பெருமடத்தூர் ஆட்கள் போறாக" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

வெயில் ஏறியது. ஐயம்பெருமாளுக்கு மனசுக்குள் பரபரப்பு. "உச்சிக்கு முன்னு எழுதியிருக்காரு. நேரமாகுதே" என்றான்.

"உச்சின்னா என்ன?" என்றான் மாசானம்.

மத்தியானம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. தோன்றியதை விழுங்கினான்.

"உச்சந்தலை" என்று மாசானமே பதில் சொன்னான். "உச்சிக்கு முன்னால என்ன இருக்கு? நெத்தி. உன் நெத்தி உச்சிக்கு முன்னாலதான் வந்துக்கிட்டு இருக்கு. பொறந்த நாள்லேருந்து அப்படித்தான். பின்னால போனாத்தான் பயப்படணும்."

ஐயம்பெருமாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். முன்னால்தான் இருந்தது. ஆனாலும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டான்.

காலை பாதி கழிந்த நேரத்தில் ஒரு வெட்டவெளிக்கு வந்து சேர்ந்தார்கள். சுற்றிலும் பொட்டல். நடுவில் ஒரே ஒரு பனைமரம். அதன் நிழலில் உட்கார்ந்து மாசானம் கடிதத்தை விரித்தான்.

"ஒற்றைப் பனை வரை வரவும்."

அந்தப் பனை இதுதானோ என்று ஐயம்பெருமாள் அண்ணாந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"முதல்ல வரை. அப்புறம் வரவும்" என்றான் மாசானம். "ஒத்தைப் பனையை வரைஞ்சுட்டு வரணும். கல்யாணத்துக்கு ஏதோ சடங்கு சாங்கியம் போலிருக்கு."

"எங்க வரையணும்னு போடலையே" என்றான் சொரிமுத்து.

"போடாததால எங்க வேணும்னாலும் வரையலாம்."

பனைமரத்தில் சாய்ந்துகொண்டு, ஆளுக்கொரு குச்சி எடுத்து மண்ணில் வரையத் தொடங்கினார்கள். சுலபமாக இல்லை. குற்றாலம் வரைந்தது விளக்குமாறு மாதிரி இருந்தது. சொரிமுத்து வரைந்தது தென்னையா பனையா என்று வாக்குவாதம் வந்தது. "ஒரு பனையை நேர்ல பாத்தா நல்லா இருக்கும்" என்று அவன் பெருமூச்சு விட்டான். உடம்பு அலுத்து, சாய்ந்திருந்த மரத்தில் தலையை இன்னும் நன்றாகச் சாய்த்துக்கொண்டான்.

பிச்சாண்டி பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து ஒரு பனை வரைந்தான். மட்டை மட்டையாக, கருக்குப் பல்லோடு, அடியில் நுங்குக் குலையோடு, பிரமாதமாக வந்தது. எல்லோரும் அசந்துபோனார்கள். அப்புறம்தான் குற்றாலம் கண்ணைத் திறந்து எண்ணிப் பார்த்தான்.

"அஞ்சு பனை இருக்கு. ஒத்தைப் பனைன்னுல்லா சொல்லியிருக்கு."

மற்ற நாலையும் காலால் அழித்தார்கள். அழிக்கிற அவசரத்தில் பிச்சாண்டியுடையதும் அழிந்துபோனது. அவன் இரண்டாவது முறை வரைந்து முடித்தபோது பனைமரத்தின் நிழல் வேரடியை நோக்கிச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

ஐயம்பெருமாள் துள்ளி எழுந்தான். பெண்ணின் அத்தை மகன் வெளுத்த வேட்டியோடு பந்தலில் உட்கார்ந்திருப்பது அவன் கண்முன் நின்றது. "ஓடுவோமா?" என்றான்.

"ஓடக் கூடாது. 'வாய்க்காலை ஒட்டி நடக்கவும்'னு போட்டிருக்கு" என்றான் மாசானம்.

வாய்க்கால் பக்கத்திலேயே இருந்தது. முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. கரை நெடுக ஈரக் களிமண். வாய்க்காலைப் பார்த்து ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள்.

"எதைக் கொண்டு ஒட்டுதது? பசை கொண்டு வரலையே" என்று சொரிமுத்து கலங்கினான்.

"தண்ணியோட ஒட்ட முடியாது" என்றான் குற்றாலம். "கரையோட ஒட்டலாம். களிமண்ணே பசைதான். அதனாலதான் இந்த வழியாப் போகச் சொல்லியிருக்காரு."

ஐயம்பெருமாளுக்கு ஒன்று தோன்றியது. 'கரை ஓரமாக நடந்தால் போதுமோ?' புது வேட்டியைப் பார்த்தான். கரையைப் பார்த்தான். இவ்வளவு நல்ல யோசனை தனக்கு வர நியாயமே இல்லை என்று முடிவு செய்து தண்ணீரில் இறங்கினான்.

இடது கன்னம், இடது தோள், இடது தொடை மூன்றையும் கரையில் அழுத்திக்கொண்டு, வலது காலால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஐந்து பேரும் நகர்ந்தார்கள். ஒட்டிய இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு அடுத்த இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. நண்டுகள் விலகி வழிவிட்டன. பிச்சாண்டி மட்டும் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் ஒரு சொட்டு மண் படாமல் கொண்டுவந்தான். தாழையனூர் எல்லையில் கரையேறியபோது ஐந்து பேரும் ஒரு பக்கம் மனிதனாகவும் ஒரு பக்கம் களிமண் பொம்மையாகவும் இருந்தார்கள்.

"இப்படி ஒரு மாப்பிள்ளையைப் பாத்தா நானே பொண்ணு குடுக்கமாட்டேன்" என்றான் ஐயம்பெருமாள். யாரும் மறுக்கவில்லை.

அந்த நேரத்தில் தெருமுனையிலிருந்து ஒருவர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, வழியைப் பார்த்தபடி வேகமாக வந்தார். மாப்பிள்ளை கோஷ்டியைக் காணவில்லையே என்று தேடிப் புறப்பட்ட நயினார் வாத்தியார்தான். ஐயம்பெருமாளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "மாமா மாதிரி இருக்கு. ஆனா எனக்கு அப்படித் தெரியுதுன்னா வேற யாராவதாத்தான் இருக்கும்" என்று முணுமுணுத்தான்.

மாசானம் முன்னே போனான். "நீங்க நயினார் வாத்தியாருங்களா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி மாசானம் அவருடைய வலது கையைப் பற்றினான். குற்றாலம் இடது கையைப் பற்றினான். சொரிமுத்து, கையில் இடமில்லாததால், மேல்துண்டின் நுனியைப் பற்றினான். தெருவில் மோர்ப்பானையோடு ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இவர் வீடு எங்க இருக்கு?" என்று மாசானம் கேட்டான்.

அந்த அம்மாள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் அந்த அம்மாளைப் பார்த்தார்.

"அவரையே கேளுங்களேன்" என்றாள்.

"நான் சொல்லுதேன், கையை விடுங்கப்பா" என்றார் வாத்தியார்.

"நீங்க சொல்லக் கூடாதுங்க" என்றான் மாசானம் மரியாதையாக. "உங்களைப் பற்றி யாரையாவது கேக்கணும்னு கடிதம். உங்களைப் பற்றி உங்களையே கேட்டா அது தற்பெருமை ஆயிரும்."

அந்தக் குரலில் இருந்த பக்தியைப் பார்த்ததும் வாத்தியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. களிமண்ணுக்கு அடியில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நடுவில் நின்றவனிடம் வந்ததும் கண்ணை மூடித் திறந்தார். "மாப்பிள்ளை?"

"நான்தான் மாமா. பாதி" என்றான் ஐயம்பெருமாள்.

வாத்தியார் கடிதத்தை வாங்கினார். தெரு நடுவில் நின்று முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மறுபடியும் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் என்ன செய்தார்கள் என்று மாசானம் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தான். வாத்தியாரின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எழுத்துப் பிழை இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "சந்திப் பிழை இல்லை. உருபெல்லாம் அதது இடத்துல சரியா இருக்கு. முப்பது வருஷம் இதைத்தான் நடத்தினேன். வரைன்னு ஒரு சொல்லு, இதை ஒரு ஆள் இப்படியும் படிப்பான்னு ஒரு நாள் கூட நினைச்சதில்லையே."

அவர் முகத்தைப் பார்க்க ஐயம்பெருமாளுக்குப் பாவமாக இருந்தது. பெண் போனாலும் போகட்டும், இந்தப் பெரிய மனுசன் இப்படி நிற்கக் கூடாது என்று நினைத்தான். "கடிதத்துல ஒரு குத்தமும் இல்லை மாமா. படிச்ச தலையிலதான் குத்தம். நல்ல விதையைக் கொண்டுபோய்ப் பாறையில விதைச்சுட்டிய."

வாத்தியார் நிமிர்ந்தார். "உமக்குக் கூடவா எதுவும் தோணலை? உச்சிக்கு முன்னு எழுதியிருந்தேனே?"

"மத்தியானம்னு தோணிச்சு."

"அப்புறம்?"

"எனக்குத் தோணினதால விட்டுட்டேன்."

"வரைன்னா?"

"அந்தப் பனைமரம் மட்டுக்கும் வரணுமோன்னு தோணிச்சு. வாய்க்காலுக்கு, ஓரமா நடந்தாப் போதும்னு தோணிச்சு. அஞ்சு பேருக்கு மேலன்னா, ஆறாவது ஆளு வேண்டாம்னு."

வாத்தியார் மேல்துண்டைச் சொரிமுத்துவின் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டார். "எல்லாம் சரி மாப்பிள்ளை. ஒண்ணு விடாம எல்லாம் சரி."

ஐயம்பெருமாள் தலையை ஆட்டிச் சிரித்தான். மனசு ஒடியக் கூடாதென்று பெரியவர் பொய் சொல்கிறார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

வாத்தியார் காலடியில் பார்த்தார். நிழல் இன்னும் அவருடைய பாதத்துக்குள் முழுதாக அடங்கவில்லை. விரல் நுனியில் ஒரு நெல்லளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "வாங்க" என்று சொல்லி, மாப்பிள்ளையின் களிமண் பக்கத்துக் கையையே பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். மோர் அம்மாள் பின்னாலிருந்து, "நேராப் போய்ப் பந்தல் போட்ட வீடு" என்று கத்தினாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட அவளுக்கு மனசில்லை.

பந்தலில் அத்தை மகன் தயாராகத்தான் இருந்தான். தலைப்பாகை கட்டிப் பாதி முடிந்திருந்தது. கிணற்றடியில் ஐயம்பெருமாள் தலையில் ஆறு வாளித் தண்ணீர் கொட்டி, யாருடைய வேட்டியையோ கட்டி, ஓட்டமாகக் கொண்டுவந்து மணையில் உட்காரவைத்தார்கள். அதற்குள் பெண் பெட்டியில் வந்த கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தை மகன் பெருமூச்சு விட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து, பந்தியில் முதல் இடம் பிடிக்கப் போய்விட்டான். அவனுக்குப் பாயசம் என்றால் உயிர் என்றும், கல்யாணம் அதற்கு ஒரு வழி என்றும் பின்னால் தெரிந்தது.

தாலி கட்டும்போது மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கெட்டிமேளச் சத்தத்தில் மாசானம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அதனால் அந்த ஒரு காரியம் சரியாக நடந்தது.

மேளம் ஓய்ந்ததும் ஐயர் சொன்னார்: "அக்கினியைச் சுத்தி மூணு சுத்து. மாப்பிள்ளை முன்னால, பொண்ணு பின்னால." அந்த ஊரில் கையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. மாப்பிள்ளை நடப்பான், பெண் மூன்றடி விட்டுத் தொடர்வாள். பந்தலின் நடுவில் பெரிய மண்சட்டியில் தீ எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி வர மொத்தம் ஆறு அடிதான். "அவர் பின்னாலேயே போ. விட்டுராதே" என்று பெண்ணின் காதில் அவள் அம்மா சொன்னாள்.

ஐயம்பெருமாள் நடந்தான். கால் சுற்றுப் போனான். பக்கத்திலிருந்து குற்றாலம் ஆழ்ந்த குரலில் சொன்னான்:

"மாப்ளே, உனக்கு முன்னால யாரோ போறாங்க."

ஐயம்பெருமாள் ஏறிட்டுப் பார்த்தான். தீக்கு அந்தப் பக்கம் அரக்குச் சிவப்புச் சேலை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவளேதான். பெண் முன்னால் போகிறாள் என்றால், தான் பின்னால் போகிறோம். ஐயருடைய சொல்லை மீறியாகிவிட்டது. அவளை முந்துவதற்காக எட்டி நடந்தான்.

அவன் எட்டி நடந்ததும் ஆவுடைத்தங்கம் பார்த்தாள். பின்னாலேயே போ என்றார்கள். இவர் இப்படிப் போனால் பின்தங்கிவிடுவோமே என்று அவளும் எட்டி நடந்தாள். அவன் ஓடினான். அவளும் ஓடினாள். ஐயர் மூன்று எண்ணி, ஏழு எண்ணி, பதினொன்றில் எண்ணுவதை நிறுத்தினார்.

"நில்லுங்க" என்றார் வாத்தியார். இருவரும் மூச்சிரைக்க நின்றார்கள். தீக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க" என்று மாசானம் கைகட்டி நின்றான். "வட்டத்துல யார் முன்னால, யார் பின்னால?"

வாத்தியார் வாயைத் திறந்தார். "முன்னா..." என்று தொடங்கினார். தீயைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, அதில் ஒரு புள்ளி வைத்து, இன்னொரு புள்ளி வைத்து, அப்படியே பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஆவுடைத்தங்கம் முதல் முறையாகப் பேசினாள். "நாம நின்னுக்கிடுவோம். நீங்க முன்னால, நான் பின்னால. தீ நம்மளைச் சுத்தி வரட்டும்."

அவள் விளையாட்டாகச் சொன்னாளா, மெய்யாகவே சொன்னாளா என்று ஐயம்பெருமாளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படி ஒரு யோசனை ஆயிரம் வருஷம் ஆனாலும் அவனுக்குத் தோன்றியிருக்காது. ஆகவே இதைவிடச் சரியான யோசனை உலகத்தில் இருக்க முடியாது. இவளோடு தைரியமாகக் குடும்பம் நடத்தலாம்.

பிச்சாண்டி சாக்கை மடித்துப் பிடித்து மண்சட்டியைத் தூக்கினான். அவள் முன்னே ஐயம்பெருமாள் நிற்க, அவன் பின்னே அவள் நிற்க, தீ மூன்று முறை அவர்களைச் சுற்றி வந்தது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொன்னார். எல்லாம் முடிந்ததென்று சனங்கள் எழுந்தபோது, குற்றாலம் கையை உயர்த்தினான்.

"தீயை நாம சுத்தினா தீ சாட்சி, நமக்குக் கல்யாணம். தீ நம்மளைச் சுத்தினா?"

கூட்டம் யோசித்தது.

"அப்ப இவங்க ரெண்டு பேரும் சாட்சி" என்றான் மாசானம் மெதுவாக. "கல்யாணம் தீக்கு."

"ஐயோ, அப்ப அவருக்கு இன்னும் இலை போடலையே" என்று பதறினான் சொரிமுத்து.

மண்சட்டியை மாப்பிள்ளை இடத்தில் கொண்டுபோய் வைத்து, முன்னால் நல்ல தலைவாழை இலையாகப் பார்த்துப் போட்டார்கள். பரிமாற வருவதற்குள் தீ இலையின் ஓரத்தைப் பிடித்துச் சாப்பிடத் தொடங்கியது. "இலையையே சாப்பிடுதாரே. என்ன பசியோ" என்று பெண்ணின் அத்தை மனசு இளகி, ஒரு வாளி பாயசத்தைத் தூக்கி அப்படியே ஊற்றினாள். அத்தை மகன் கண்ணில் நீர் துளிர்த்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அதன் பிறகு அமைதி.

"தூங்கிட்டார்" என்றான் சொரிமுத்து நிம்மதியாக. "களைப்பு. சத்தம் போட்டு எழுப்பிராதீங்க."

பந்தலில் இருநூறு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆவுடைத்தங்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க ஐயம்பெருமாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கசிந்த அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனும் சிரிக்கத் தொடங்க, சேக்காளிகள் நாலு பேரும் காரணம் தெரியாமலே பலமாகச் சிரித்தார்கள். அரிசி மூட்டையில் இருந்த வாத்தியாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமச் சாப்பிடுங்களேன்ப்பா" என்றார்.

பெருமடத்தூர்க்காரர்கள் ஐந்து பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். சாம்பார் சாதத்தைப் பிசைந்து உருட்டி, மூடிய உதட்டின் மேல் வைத்து, பொறுமையாக அழுத்தத் தொடங்கினார்கள்.